ஃபிளாப்பியே இல்லாத கம்ப்யூட்டரில் ஃபிளாப்பி வழியாக நுழைவது எப்படி? எமுலேட்டர் ஃபஸ்ஸிங் பற்றிச் சில குறிப்புகள்

கடைசியாக ஒரு ஃபிளாப்பி டிஸ்க்கை எப்போது கையில் எடுத்தீர்கள்? இருபது வருஷமாவது ஆகியிருக்கும். இன்றைய கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது ‘சேவ்’ பட்டனில் வரும் படம், அவ்வளவுதான். ஆனால் 2015 மே மாதம் கிளவுட் நிறுவனங்கள் பலவும் அவசர அவசரமாக சர்வர்களுக்கு பேட்ச் போட்டது ஒரு ஃபிளாப்பி கன்ட்ரோலரால்தான். அதுவும் நிஜமான கன்ட்ரோலர் இல்லை. வெறும் மென்பொருளாக மட்டும் இருக்கிற, கையால் தொட முடியாத ஒன்று.

அந்தப் பிழைக்கு ‘வெனம்’ என்று பெயர் வைத்தார்கள். பதிவு எண் சிவிஇ-2015-3456. கண்டுபிடித்தவர் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் ஜேசன் கெஃப்னர். பிழை இருந்த இடம் க்யூஎமு என்கிற எமுலேட்டர். 2003-ல் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் என்ற பிரெஞ்சுக்காரர் ஆரம்பித்த திறமூல மென்பொருள் அது. பிழையான வரிகள் 2004-லிருந்தே அங்கே இருந்தன. பதினோரு வருஷம் யார் கண்ணிலும் படவில்லை.

எமுலேட்டருக்குப் பழக்கமில்லாதவர்களுக்காக ஒரு பத்தி. எங்க சதுரங்கப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டி ஓஎம்ஆரில் வடக்கே போனால் சிறுசேரி வரும். அங்கே பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடங்களில் ஒரே சர்வருக்குள் பலருடைய ‘விர்ச்சுவல் மெஷின்’கள் ஓடும். ஒவ்வொரு வாடகைக்காரருக்கும் தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் இருப்பதாகத் தோன்றும். நெட்வொர்க் கார்டு, டிஸ்க், யூஎஸ்பி, கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அவை சி மொழியில் எழுதிய நிரல்கள். வாடகைக்காரரின் லினக்ஸ் ஒரு ரெஜிஸ்டரில் எண்ணை எழுதினால், ஹோஸ்ட்டில் ஒரு சி ஃபங்ஷன் அழைக்கப்படும், அவ்வளவுதான் விஷயம். சிபியூவைப் பிரித்துக் கொடுக்க இப்போது சில்லிலேயே வசதி வந்துவிட்டது. அதனால் வாடகைக்காரருக்கும் ஹோஸ்ட்டுக்கும் நடுவில் இருக்கும் சுவரில் அதிகம் ஓட்டை விழக்கூடிய இடம் இந்தப் பொய் வன்பொருள்தான்.

இனி அந்த ஃபிளாப்பிக்கு வருவோம். பிழையின் வடிவம் ரொம்ப அழகானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபிளாப்பி கன்ட்ரோலருக்குக் கட்டளை கொடுக்க ஒரு போர்ட் உண்டு, எண் 1013. (இந்தத் துறையில் இதையெல்லாம் ஹெக்ஸில்தான் எழுதுவார்கள். நான் படிக்க வசதியாகச் சாதாரண எண்ணிலேயே எழுதுகிறேன்.) அந்தப் போர்ட்டில் முதலில் கட்டளையின் எண், பிறகு அந்தக் கட்டளைக்குத் தேவையான விவரங்கள், ஒவ்வொரு பைட்டாக அனுப்ப வேண்டும். கன்ட்ரோலர் அவற்றை 512 பைட் கொண்ட ஒரு பஃபரில் வரிசையாகப் போட்டுக்கொண்டே வரும். எத்தனை பைட் வர வேண்டும் என்பது கட்டளையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். வந்த எண்ணிக்கையும் வர வேண்டிய எண்ணிக்கையும் சமமானால் கட்டளையை நிறைவேற்றும், எண்ணிக்கையைச் சுழியத்துக்குக் கொண்டுவரும், அடுத்த கட்டளைக்குத் தயாராகும்.

142 என்று ஒரு கட்டளை. டிரைவின் தன்மையைச் சொல்லும் கட்டளை. அதற்குப் பின்னால் 5 பைட் வர வேண்டும், கட்டளையோடு சேர்த்து 6. ஆறாவது பைட் வந்ததும் இதற்கான ஃபங்ஷன் ஓடும். அது கடைசி பைட்டின் மேல் பிட்டைப் பார்க்கும். அந்த பிட் 1 என்றால் ‘சரி, முடிந்தது’ என்று எண்ணிக்கையைச் சுழியமாக்கும். 0 என்றால்? வர வேண்டிய எண்ணிக்கை 7-ஐத் தாண்டியிருந்தால் பிழை என்று சொல்லி முடிக்கும். ஆனால் இங்கே அது 6 மட்டுமே. ஆகவே எதுவுமே செய்யாமல் திரும்பிவிடும்.

இப்போது ஏழாவது பைட்டை அனுப்புங்கள். பஃபரில் போய் உட்காரும். 7-ம் 6-ம் சமமா? இல்லை. எட்டாவது? அதுவும் இல்லை. இனி எப்போதுமே சமமாகாது, ஏனென்றால் 6 என்ற நிலையத்தை வண்டி தாண்டிப் போய்விட்டது. 513-வது பைட் பஃபருக்கு வெளியே விழும். அதற்கு மேல் அனுப்புவதெல்லாம் ஹோஸ்ட்டின் மெமரியில் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதன் மேல் எழுதப்படும். ‘தாண்டிவிட்டதா’ என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘சமமா’ என்று மட்டும் கேட்டதன் விளைவு.

வெளியான உடனடித் திருத்தம் சின்னது: எழுதும் இடத்தை 512-ஆல் வகுத்து மீதியை எடுத்துக்கொள்வது. எத்தனை அனுப்பினாலும் அதே 512-க்குள் சுற்றிச் சுற்றி வரும். முடியாத கட்டளை முடியாமலே கிடக்கும், ஆனால் பக்கத்து வீட்டுக்குள் போகாது. அவசரத்துக்கு இது சரியான மருந்து என்றே நினைக்கிறேன்.

இதில் இன்னொரு வேடிக்கை. உங்கள் விர்ச்சுவல் மெஷினில் ஃபிளாப்பி டிரைவையே சேர்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பரவாயில்லை, கன்ட்ரோலர் இருக்கும். வழக்கமான பிசி மாதிரியில் அது கூடவே வருகிறது.

பதினோரு வருஷம் ஏன் யாருக்கும் தெரியவில்லை? ஏனென்றால் விண்டோஸும் லினக்ஸும் ஒழுக்கமான டிரைவர்களோடு வருகின்றன. கையேட்டில் உள்ளபடி பேசுகின்றன. எங்க ஊர்ப் பெயரிலேயே சதுரங்கம் இருப்பதால் இந்த உதாரணத்தைத் தவிர்க்க முடியவில்லை. 2022-ல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது அத்தனை பலகையிலும் எல்லாரும் விதிப்படி காய் நகர்த்தத் தெரிந்தவர்கள். அங்கே ஒரு சின்னக் குழந்தையை உட்கார வைத்தால்? குதிரையை நேராக நகர்த்தும், ராஜாவைப் பையில் போட்டுக்கொள்ளும், ஒரே முறையில் நான்கு காய் நகர்த்தும். எமுலேட்டரில் இருக்கும் பொய் வன்பொருள் இந்தக் குழந்தையைத் தாங்க வேண்டும். ஏனென்றால் வாடகைக்கு எடுத்தவர் தன் மெஷினுக்குள் ரூட் பயனர். எந்த போர்ட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், டிரைவர் வழியாகத்தான் போக வேண்டும் என்று கட்டாயமில்லை.

அந்தக் குழந்தையைத்தான் ஃபஸ்ஸர் என்கிறோம்.

ஃபஸ்ஸிங் என்ற சொல்லைத் தந்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் மில்லர். 1988-ல் ஒரு இடிமழை இரவில் வீட்டிலிருந்து தொலைபேசி இணைப்பு வழியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மின்னலால் கம்பியில் இரைச்சல் ஏறி, தட்டச்சு செய்ததோடு குப்பை எழுத்துகளும் சேர்ந்து போயின. அந்தக் குப்பைக்கே யுனிக்ஸ் நிரல்கள் விழுந்தது அவரை யோசிக்க வைத்தது. மாணவர்களுக்கு அதையே பயிற்சியாகக் கொடுத்தார். 1990-ல் கட்டுரை வந்தபோது, சோதித்த நிரல்களில் 25 முதல் 33 சதவீதம் வெறும் தற்செயல் எழுத்துகளுக்கே விழுந்தன என்று எழுதினார்கள்.

வெறும் குப்பை மட்டும் போதுமானால் இந்தக் கட்டுரைக்கு அவசியமில்லை. மைக்கேல் ஸலேவ்ஸ்கி 2013-ல் வெளியிட்ட ஏஎஃப்எல் ஒரு முக்கியமான யோசனையைப் பரவலாக்கியது. உள்ளீட்டைக் கொடுத்துவிட்டு நிரலில் எந்தெந்தக் கிளைகள் ஓடின என்று பார். இதுவரை ஓடாத கிளை ஓடியிருந்தால் அந்த உள்ளீட்டைப் பத்திரமாக வை, அதையே கொஞ்சம் மாற்றி மறுபடி கொடு. இதன் பலத்தைக் காட்ட 2014-ல் அவர் ஒரு சோதனை செய்தார். ‘ஹலோ’ என்று மட்டும் இருந்த ஒரு டெக்ஸ்ட் ஃபைலை ஜேபெக் படிக்கும் நிரலுக்குக் கொடுத்து ஓட விட்டார். நாள் போகப் போக ஃபஸ்ஸர் தானாகவே செல்லுபடியாகும் ஜேபெக் படங்களை உருவாக்க ஆரம்பித்தது. ஜேபெக் என்றால் என்னவென்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை.

சரி, அதே உத்தியை வன்பொருள் மேல் ஏவினால் என்ன? இங்கேதான் நிஜமான சிக்கல்கள் ஆரம்பிக்கின்றன. படம் படிக்கும் நிரலுக்கு ஒரே கதவு: ஃபைல். உள்ளே கொடு, முடிந்ததா, அடுத்தது. நெட்வொர்க் கார்டுக்கு அப்படி ஒரு கதவு கிடையாது.

க்யூஎமுவுக்குள் இதற்காக ஒரு கட்டமைப்பை எழுதியவர் அலெக்சாண்டர் புலெகோவ். 2020-ல் வந்த 5.0 பதிப்பில் அது சேர்ந்தது. அதே வருஷக் கடைசியில் வந்த 5.2-ல், எந்தச் சாதனத்துக்கும் பொருந்தும் ‘பொது ஃபஸ்ஸர்’ வந்தது. இவர்கள் முதலில் செய்தது, விர்ச்சுவல் மெஷினிலிருந்து சிபியூவையே வெளியே எடுத்ததுதான். க்யூஎமுவில் ஏற்கனவே க்யூடெஸ்ட் என்று ஒரு சோதனை வசதி உண்டு. அதில் இயங்குதளமே ஓடாது, சிபியூ சும்மா இருக்கும். ‘இந்த போர்ட்டில் இதை எழுது’, ‘இந்த முகவரியைப் படி’ என்று வெளியிலிருந்து கட்டளை கொடுக்கலாம். ஃபஸ்ஸர் தரும் பைட்டுகளை இந்தக் கட்டளைகளாக மொழிபெயர்த்தால் போதும். லினக்ஸ் பூட் ஆகும்வரை காத்திருக்க வேண்டாம்.

பைட்டுகளைக் கட்டளைகளாகப் பிரிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கட்டளைகளை ஒட்டி ஒட்டி வைத்தால், நடுவில் ஒரு பைட் சேர்ந்தாலே பின்னால் வருவதெல்லாம் அர்த்தம் மாறிவிடும். அதனால் கட்டளைக்கும் கட்டளைக்கும் நடுவே ‘ஃபஸ்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையே எல்லைக்கல்லாக நட்டார்கள். இப்போது ஃபஸ்ஸர் ஒரு கட்டளையை நீக்கினாலும் நீட்டினாலும் மற்றவை அப்படியே இருக்கும்.

அடுத்து, நினைவு. வன்பொருள் மறக்காது. முதல் உள்ளீடு ஒரு ரெஜிஸ்டரை மாற்றி வைத்துவிட்டுப் போனால், நூறாவது உள்ளீட்டில் கிராஷ் ஆகும்போது குற்றவாளி யார்? ஒவ்வொரு முறையும் சாதனத்தைப் புதிதாக்க வேண்டும். ஆரம்பத்தில் ஃபோர்க் வழியைப் பிடித்தார்கள்: ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் நிரலின் ஒரு நகலைப் பிறப்பித்து, அதில் ஓட்டி, நகலைக் கொன்றுவிடுவது. சுத்தமான வழி, ஆனால் நகலில் எந்தக் கிளை ஓடியது என்ற கணக்கு தாய்க்குத் தெரிய வேண்டும். அதற்காக லிங்கர் அளவில் வித்தை காட்ட வேண்டியிருந்தது. 2023-ல் அந்த ஃபோர்க் ஏற்பாட்டையே கழற்றிவிட்டு, ஒவ்வொரு உள்ளீட்டுக்குப் பிறகும் மெஷினை ரீசெட் செய்யும் வழிக்கு மாறினார்கள். எனக்கு இந்த இரண்டாவது வழிதான் பிடித்திருக்கிறது. சாதனத்தின் ரீசெட் ஃபங்ஷன் எதையாவது துடைக்க மறந்தால் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி டிஎம்ஏ. நவீன சாதனங்கள் எல்லா விவரத்தையும் ரெஜிஸ்டர் வழியாக வாங்குவதில்லை. ‘விவரங்களை மெமரியில் இந்த முகவரியில் எழுதி வைத்திருக்கிறேன், போய்ப் படித்துக்கொள்’ என்று டிரைவர் சொல்லும். சாதனம் அங்கே போய்ப் படிக்கும். அந்த விவரத்துக்குள்ளும் இன்னொரு முகவரி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு இடம் போகும். ஃபஸ்ஸர் ரெஜிஸ்டரில் ஏதோ ஒரு முகவரியைத் தற்செயலாக எழுதுகிறது. மெமரியில் வேறு ஏதோ இடத்தில் தற்செயலாகப் பைட்டுகளை நிரப்புகிறது. இரண்டும் ஒரே இடமாக அமைய என்ன வாய்ப்பு? கோடிக்கணக்கான முகவரிகளில் ஒன்று. சாதனம் எப்போதும் வெறும் சுழியங்களைப் படித்துவிட்டுச் சும்மா திரும்பும். கோட்டின் சுவையான பகுதி முழுக்க பூட்டியே இருக்கும்.

தீர்வு எளிமையானது, அதனாலேயே எனக்கு ரொம்பப் பிடிக்கும். எங்கே படிக்கப் போகிறது என்று ஊகிக்காதே, படிக்க வரும்போது பிடி. சாதனம் மெமரியைப் படிக்க அழைக்கும் ஃபங்ஷனில் ஒரு கொக்கியை மாட்டினார்கள். எந்த முகவரியைக் கேட்டாலும், படிப்பதற்குச் சற்று முன்னால் ஃபஸ்ஸர் அந்த இடத்தில் தன் பைட்டுகளை நிரப்பிவிடும். விருந்தாளி எந்த இலையில் உட்கார்ந்தாலும் அங்கே சாப்பாடு இருக்கும். இதற்குப் பிறகு சாதனத்தின் உள் அமைப்பு பற்றி எதுவும் தெரியாமலே ஆழமாகப் போக முடிந்தது.

இதில் எதிர்பாராத பலனும் உண்டு. சில சாதனங்கள் ஒரே விவரத்தை இரண்டு முறை படிக்கும்: முதல் முறை நீளம் சரியா என்று பார்க்க, இரண்டாம் முறை பயன்படுத்த. நடுவில் வாடகைக்காரர் இன்னொரு சிபியூவிலிருந்து அதை மாற்றிவிட்டால் சோதனை வீண். கொக்கி ஒவ்வொரு முறையும் வேறு வேறு பைட்டுகளை நிரப்ப முடியும் என்பதால் இந்த வகைப் பிழைகளும் தாமாக வலையில் விழுகின்றன.

கிராஷ் ஆனால்தான் பிழை தெரியும் என்றால் வெனம் போன்றவை தப்பிக்கும். பஃபரைத் தாண்டி ஒரு பைட் எழுதினால் உடனே எதுவும் ஆகாது. அதனால் அட்ரஸ் சானிட்டைசர் சேர்த்து கம்பைல் செய்வார்கள். அது ஒவ்வொரு பஃபரின் இரு பக்கமும் தடைசெய்யப்பட்ட நிலம் ஒன்றை விட்டு வைக்கும். அதில் ஒரு பைட் பட்டாலும் அங்கேயே நிரலை நிறுத்தி, யார் எந்த வரியில் தொட்டார் என்று சொல்லிவிடும்.

இப்படிக் கிடைத்தவற்றில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஒரு தனிப் பிழையைவிட ஒரு பிழைக் குடும்பம். சாதனத்திடம் ‘இந்த முகவரியில் எழுது’ என்று சொல்கிறோம் இல்லையா? அந்த முகவரி மெமரியில் இல்லாமல் சாதனத்தின் சொந்த ரெஜிஸ்டராகவே இருந்தால்? நெட்வொர்க் கார்டு ஒரு பாக்கெட்டை எழுதப் போகிறது. எழுதும் இடம் தன்னுடைய ரீசெட் ரெஜிஸ்டர். வேலைக்கு நடுவிலேயே தன்னைத் தானே ரீசெட் செய்துகொண்டு, மெமரியை விடுவித்துவிட்டு, பழைய ஃபங்ஷனுக்குத் திரும்பி வந்து, விடுவித்த மெமரியையே தொடர்ந்து பயன்படுத்தும். நிஜ சில்லில் இதே காரியம் செய்தால் பஸ்ஸில் ஒரு வேண்டுகோள் போகும், அது வரும்போது வரும். சி மொழியில் எழுதும்போது அது ஒரு ஃபங்ஷனுக்குள் அதே ஃபங்ஷன் என்று ஆகிவிடுகிறது. வன்பொருளில் இல்லாத பிழை, அதை மென்பொருளாக மொழிபெயர்த்ததால் பிறந்தது. யூஎஸ்பி கன்ட்ரோலரில் வந்த சிவிஇ-2021-3750 இந்தக் குடும்பம்தான். ஒவ்வொரு சாதனமாகத் திருத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் 2023-ல் மெமரி அடுக்கிலேயே ஒரு காவலை வைத்தார்கள். ஒரு சாதனம் வேலையில் இருக்கும்போது அதன் ரெஜிஸ்டரை மறுபடி தொட முயன்றால் அனுமதி இல்லை.

திருத்தம் வந்துவிட்டால் கதை முடிந்தது என்றும் சொல்ல முடியாது. எஸ்டி கார்டு கன்ட்ரோலர் ஒரு நல்ல உதாரணம். டேட்டா பாதி நகர்ந்திருக்கும்போது வாடகைக்காரர் பிளாக் அளவு ரெஜிஸ்டரைச் சின்னதாக்கிவிடலாம். இதுவரை நகர்ந்தது புதிய அளவைவிட அதிகம். மீதி எவ்வளவு என்று கழித்தால் மைனஸ் வர வேண்டும். ஆனால் அந்த வகை எண்ணுக்கு மைனஸ் தெரியாது, பிரம்மாண்டமான எண்ணாகிவிடும். 2020-ல் சிவிஇ-2020-17380 என்று எண் கொடுத்துத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் முழுமையில்லை என்று தெரிந்து 2021-ல் சிவிஇ-2021-3409 என்று இன்னொரு எண் கொடுக்க வேண்டி வந்தது. இரண்டாம் முறை ஒரு திருத்தம் போதவில்லை, ஒரு கோவையே தேவைப்பட்டது. ஒவ்வொன்றும் ஒரு ரெஜிஸ்டரை எந்த நேரத்தில் மாற்றலாம், எந்த நேரத்தில் கூடாது என்பதைப் பற்றியது.

பக்கத்து ஊர் என்பதால் கல்பாக்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அங்கே 500 மெகாவாட் முன்மாதிரி வேக ஈனுலைக்கு, இயக்குபவர்களுக்குப் பயிற்சி தர இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஒரு முழு அளவு சிமுலேட்டரை உருவாக்கியது. அதுவும் இல்லாத வன்பொருளை இருப்பதாகக் காட்டுவதுதான். ஆனால் கேள்வி வேறு. சிமுலேட்டரிடம் நாம் கேட்பது ‘பம்ப் நின்றால் நிஜ உலையைப் போலவே நடந்துகொள்கிறாயா?’ என்பது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கற்றுக்கொள்ள வந்தவர், ஏமாற்ற வந்தவர் இல்லை. கிளவுடில் இருக்கும் எமுலேட்டரிடம் கேட்பது ‘எவன் என்ன செய்தாலும் வீட்டுக்குள்ளேயே வைத்திருப்பாயா?’ என்பது. முதல் கேள்விக்குத் திட்டமிட்ட சோதனைகள் வேண்டும். இரண்டாவதற்குத் திட்டமில்லாத குழந்தை வேண்டும். க்யூஎமு குழுவே இந்தப் பிரிவை எழுதி வைத்திருக்கிறது. விர்ச்சுவலைசேஷனுக்குப் பயன்படும் சாதனங்களில் வரும் பிழைகளை மட்டும்தான் பாதுகாப்புப் பிழையாக எடுத்துக்கொள்வார்கள். பழைய விளையாட்டு போர்டு ஒன்றை எமுலேட் செய்யும்போது கிராஷ் ஆனால் அது சாதாரண பக்.

ஃபஸ்ஸரால் முடியாததும் நிறைய. ஒரு வாடகைக்காரரின் டேட்டா பஃபரில் மிச்சமிருந்து வெளியே கசிந்தால் கிராஷ் வராது, சானிட்டைசரும் பேசாது. செக்சம் சரியாக இருந்தால்தான் திறக்கும் கிளைகள் பல நாள் ஓடினாலும் திறக்காமல் இருக்கலாம். வெனத்தைக் கண்டதே கோட்டை ஆராய்ந்த ஒரு மனிதர்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒரு பிழை கிடைத்ததும் அது என்ன ஆகிறது என்பது கடைசி விஷயம். ஃபஸ்ஸர் கொடுக்கும் உள்ளீடு நூற்றுக்கணக்கான கட்டளைகள் கொண்டதாக இருக்கும், பெரும்பாலும் தேவையில்லாதவை. ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்து, பிழை இன்னும் வருகிறதா என்று சுருக்குவார்கள். கடைசியில் மிஞ்சுவது சில வரிகள்: இங்கே இதை எழுது, அங்கே அதை எழுது, கிராஷ். அந்தச் சில வரிகளை அப்படியே சி நிரலாக்கி க்யூஎமுவின் டெஸ்ட் கோப்புறையில் வைத்துவிடுகிறார்கள். எஸ்டி கார்டுக்கு ஒன்று, மெகாசாஸுக்கு ஒன்று, சவுண்ட் பிளாஸ்டருக்கு ஒன்று. கோப்பின் பெயரே ‘ஃபஸ்’ என்றுதான் ஆரம்பிக்கும். ஃபிளாப்பிக்கும் அதன் டெஸ்ட் கோப்பு தனியாக இருக்கிறது. யாராவது கோட்டில் கை வைத்துவிட்டு டெஸ்ட்களை ஓட்டினால் இவையும் சேர்ந்தே ஓடும். ஆர்வமிருந்தால் அந்தக் கோப்புறையிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.